பிளான் பாஸான பிறகுதான் வேலை: செட்டிநாட்டில் உயரக் கட்டிடம் கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பிளான் பாஸாகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. அனுமதிக் கடிதத்தை லேமினேட் செய்து சைட் ஆபீஸில் மாட்டுவார்கள். அதோடு விதிமுறை என்ற பேச்சு முடிந்துவிடும். மறுபடி அந்தப் பேச்சு எழுவது கரண்ட் இணைப்புக்கு நிறைவுச் சான்று கேட்கும்போதுதான். இடையில் போகும் இரண்டு மூன்று வருடங்களில் அதிகாரிகள் வந்து நிற்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கட்டிடம் நிற்குமா, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே வருவார்களா என்பதெல்லாம் தீர்மானமாவது அந்த இடைப்பட்ட காலத்தில்தான். கம்பியைக் காங்கிரீட் மூடுகிறது, பைப்பைப் பூச்சு மூடுகிறது, பூச்சை ஃபால்ஸ் சீலிங் மூடுகிறது. மூடிய பிறகு யார் வந்து பார்த்தாலும் பெயிண்ட்தான் தெரியும்.

இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு பழக்கங்களைச் சுற்றித்தான் போகும். மூடப்போகும் எதையும் மூடுவதற்கு முன் பார்ப்பது. மாற்றப்போகும் எதையும் மாற்றுவதற்கு முன் கேட்பது.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. இங்கேயும் தேவகோட்டையிலும் லாட்ஜ், மருத்துவமனை, மகால், அடுக்குமாடி என்று மேலே மேலே எழும்புகிறது. நம் பழைய வளவு வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். என்ன நடந்தாலும் ஏதாவது ஒரு வாசல் வழியாக வெளியேறிவிடலாம், நடுவில் திறந்த முற்றம் வேறு. ஏழு மாடிக் கட்டிடத்தில் அந்த வசதி கிடையாது. மாடிப்படியை விட்டால் வேறு வழியில்லை. அதனால் அந்த வீடுகளைக் கட்டிப் பழகிய கைப்பக்குவம் மட்டும் இங்கே போதாது.

முதலில்: உங்கள் கட்டிடம் எந்தக் கணக்கில் வருகிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டிடம். தேசியக் கட்டிடத் தொகுப்பு 2016, தீப்பாதுகாப்பு விஷயத்தில் 15 மீட்டரிலேயே உயரக் கட்டிடம் என்று கணக்குப் போடுகிறது. அதனால் 17 மீட்டரில் நிறுத்திவிட்டோம், நமக்கு ஒன்றும் இல்லை என்று மூச்சு விட வேண்டாம். தீயணைப்புத் துறை தன் நிபந்தனைகளோடு வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்து. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2022-ல் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 18 மீட்டர் அல்லது 7 மாடி, குறைந்தது இரண்டு வீடுகள் இருந்தால் அது 'அதிக ஆபத்துக் கட்டிடம்'. கட்டும் கட்டத்தில் அதே உயரமுள்ள மருத்துவமனைகளும் சேரும். அதற்கு மூன்று வாயில்கள். திட்ட அனுமதி ஒன்று, வேலை தொடங்கும் முன் ஒன்று, குடிபோகும் முன் ஒன்று. இரண்டாம் வாயில் திறக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது, மூன்றாம் வாயில் திறக்காமல் ஒரு ஆள் குடியேறக் கூடாது. இந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் ஒழுங்கில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய.

உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், கூட்டத்தையும் பாருங்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தில் ஓலைப் பந்தல் பற்றியெரிந்து மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள். இரண்டும் வானுயரக் கட்டிடங்கள் கிடையாது. என் கணக்கில் மகால், மருத்துவமனை, பள்ளி, ஜவுளிக்கடை, லாட்ஜ் எதுவாக இருந்தாலும் உயரம் எவ்வளவு என்று பார்க்காமல் இந்த வழிகாட்டியைப் பின்பற்றலாம்.

யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்

நம் ஊரில் முதலாளி சிங்கப்பூரில் இருப்பார், இல்லாவிட்டால் சென்னையில். சைட்டைப் பார்த்துக்கொள்வது பங்காளி ஒருவர். வரைபடம் போட்டவர் மதுரையில். கம்பிக் கணக்கு போட்டவர் யாரென்று மேஸ்திரிக்கே தெரியாது. ஏதாவது கேள்வி வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள், முதலில் யார் பார்க்கிறாரோ அவர் 'ஓகே' என்று போட்டுவிடுவார். பாதித் தவறுகள் இந்த 'ஓகே'யில்தான் பிறக்கின்றன.

வேலை தொடங்கும் முன் ஒரே தாளில் நான்கு பெயர்கள் வேண்டும்: உரிமையாளர் தரப்பில் முடிவெடுப்பவர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஒப்பந்ததாரர். பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்களாகவும் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் அனுமதி தந்த அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லிவிட்டு அடுத்தவர் வரும்வரை அந்த வேலை நிற்க வேண்டும். கம்பி, பீம், தூண், தளம் சம்பந்தமான எந்தக் கேள்விக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மட்டுமே 'சரி' சொல்லலாம். பங்காளி அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அனுமதிக் கடிதத்தை உடைத்துப் படிப்பது

டிடிசிபி என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றில் இன்னொரு வரிசை இருக்கும். இந்த இரண்டையும் யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது என் அனுபவம். ஒரு நோட்டில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எந்தக் கட்டத்தில் செய்ய வேண்டும், யார் செய்வார், செய்ததற்கு என்ன சாட்சி என்று மூன்று கட்டம் போடுங்கள். நிலத்தடி சம்ப்பில் தீயணைப்புக்கென்று தனியாக ஒதுக்க வேண்டிய நீர் அளவு சான்றில் இருக்கும். அது அஸ்திவார வேலையிலேயே முடிவாகிவிடும், பிறகு சேர்க்க முடியாது. கட்டிடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி போகும் பாதை 6 மீட்டர் வேண்டும், 45 டன் தாங்க வேண்டும் என்கிறது தேசியத் தொகுப்பு. அந்தப் பாதைக்கு அடியில் செப்டிக் டேங்க் வந்தால் அதன் மூடியும் அந்த எடையைத் தாங்க வேண்டும். இதெல்லாம் முதல் வாரத்தில் கண்ணில் பட வேண்டிய விஷயம்.

எந்தெந்தக் கட்டத்தில் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஆய்வு கேட்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பிளிந்த் மட்டமும், அதாவது அஸ்திவாரம் முடிந்து தரைத்தளம் தொடங்கும் மட்டமும், கடைசித் தளமும் வரும். ஆய்வு முடியும் முன் மேலே ஏறினால், கட்டியது சரியாக இருந்தாலும் நிறைவுச் சான்றில் சிக்கல்.

விற்பனைக்கான அடுக்குமாடி என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு தனி. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் கோளாறு வந்தால் கட்டியவர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

மண்

செம்புறாங்கல் தட்டுப்பட்டுவிட்டது, இனி என்ன கவலை என்பார்கள். மேலே கெட்டியாக இருந்து கீழே களி இருக்கும் இடமும் உண்டு, பழைய ஊருணியைத் தூர்த்து மனை போட்ட இடமும் உண்டு. துளையிட்டு மண் பரிசோதனை செய்யாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தால், அவரை மாற்றுங்கள். மண் அறிக்கை வந்த பிறகும் குழி தோண்டியதும் அவரை நேரில் வரச் சொல்லி அடிமண்ணைப் பார்க்க வையுங்கள். அறிக்கையில் சொன்ன மண்தானா இது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் முதல் காங்கிரீட்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மூடும் முன் பார்ப்பது

ஒவ்வொரு தளத்திலும் வேலையை நிறுத்தியே ஆக வேண்டிய இடங்களை முன்கூட்டியே குறியுங்கள். அஸ்திவாரக் கம்பி, தூண் கம்பி, பீமும் தளக் கம்பியும், சுவருக்குள் போகும் பைப், ஒயரும் பைப்பும் மாடிக்கு மாடி ஏறும் ஷாஃப்ட்டின் அடைப்பு, தீக்கதவுச் சட்டம். இந்த இடங்களில் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் அடுத்த வேலை கிடையாது. காங்கிரீட் நாளைக் குறித்துவிட்டுக் கம்பியைப் பார்க்காதீர்கள். கம்பியைப் பார்த்த பிறகு காங்கிரீட் நாளைக் குறியுங்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்.

மூன்றாம் தளம். சாயங்காலம் ஐந்தரை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரெடிமிக்ஸ் வண்டி சொல்லியாகிவிட்டது. பீம்களும் தூணும் சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், தூண் கம்பிகளைக் கட்டும் ரிங் பீமின் அடிமட்டம் வரை வந்து நின்றுவிட்டது. பீமின் ஆழம் முழுக்க ஒரு ரிங்கூட இல்லை.

"அண்ணே, மூட்டுக்குள்ள ரிங் எங்க?"

"தம்பி, நாலு பக்கமும் பீம் கம்பி போகுது. எங்குட்டு நுழைக்கிறது? மேல அரை அடி தள்ளி ஆரம்பிச்சிருக்கேன் பாருங்க."

"வரைபடத்துல மூட்டுக்குள்ள நாலு ரிங் இருக்குண்ணே."

"வரைபடம் போட்டவரு வந்து மாட்டிட்டுப் போகட்டும். வண்டி காலைல வந்துரும்."

மேஸ்திரி சோம்பேறி இல்லை. பீம் கம்பியை முதலில் போட்டுவிட்டால் முழு ரிங் உள்ளே போகாது என்பது உண்மைதான். தூணும் பீமும் சேரும் அந்த ஒன்றரை அடிதான் கட்டிடம் ஆடும்போது அதிகம் சிரமப்படும் இடம் என்பதும் உண்மை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை போனில் கூப்பிட்டு, ரிங்கை இரண்டு 'யு' துண்டுகளாக வளைத்து எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து செருகிக் கட்டலாமா என்று கேட்டு, அவர் நீளமும் கொக்கியும் குறித்துக் கையால் வரைந்து அனுப்பியதும்தான் வேலை நகர்ந்தது. வண்டியை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். அடுத்த தளத்திலிருந்து சென்ட்ரிங் பலகைக்கு மேலே பீம் கம்பிக் கூண்டைத் தூக்கி வைத்து, மூட்டு ரிங்கைக் கோத்த பிறகு மொத்தமாக இறக்கும்படி மேஸ்திரியே வரிசையை மாற்றிக்கொண்டார்.

கம்பி பார்க்கும்போது எதை எதைப் பார்ப்பது? எண்ணிக்கை, விட்டம், இடைவெளி எல்லோரும் பார்ப்பார்கள். தவறவிடுவது இவை. ரிங்கின் கொக்கி 135 டிகிரி என்று வரைபடம் சொன்னால் உள்நோக்கி முழுதாக மடங்கியிருக்கிறதா? 90 டிகிரியில் விட்டால், வெளிக் காங்கிரீட் உதிரும் நாளில் ரிங் விரிந்துவிடும். கம்பியோடு கம்பி சேரும் ஒட்டுகள் ஒரே மட்டத்தில் குவியாமல் மாறி மாறி நிற்கின்றனவா? கம்பியைப் பலகையில் படாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இருக்கிறதா, அல்லது ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? பால்கனி போன்ற நீட்டுத் தளங்களில் மேல்கம்பி மேலேயே நிற்கிறதா, அல்லது ஆட்கள் மிதித்துக் கீழே போய்விட்டதா? இந்தக் கடைசி விஷயம் காங்கிரீட் போடும் நேரத்திலும் நடக்கும். நடைபலகை போடச் சொல்லுங்கள்.

கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட் தடிமன், துருவுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருப்பதால் துருவைப் பற்றி நம் ஊரில் நாலு பேருக்குத் தெரியும். ஆனால் தீக்கும் அதே கவர்தான் காப்பு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-ன்படி 2 மணி நேரத் தீத்தாங்கும் திறனுக்குத் தூணில் 40 மில்லிமீட்டர், தொடர் தளத்தில் 25 மில்லிமீட்டர். தளத்தில் கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகையில் படிந்து கிடந்தால், கணக்கில் இருக்கும் அந்த 2 மணி நேரம் நிஜத்தில் இருக்காது.

ஒவ்வொரு இடத்திலும் படம் எடுங்கள். டேப் வைத்து, அளவு தெரியும்படி, எந்தத் தூண் எந்தத் தளம் என்று சாக்பீஸில் எழுதிய சிலேட்டோடு. வெறும் கம்பிப் படம் ஐந்து வருடம் கழித்து எதற்கும் உதவாது.

காங்கிரீட் போடும் நாள்

டெலிவரி சலானில் லோடு ஏற்றிய நேரம் இருக்கும். ரெடிமிக்ஸைப் பொதுவாக ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வெளியூர்ப் பிளாண்டிலிருந்து சித்திரை வெயிலில் வரும் வண்டிக்கு இதை முன்பே கணக்குப் பண்ணுங்கள். இறுகிவிட்டது என்று டிரைவர் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பணம் போகும். போகட்டும்.

சைட்டிலேயே கலந்தால் தண்ணீரைப் பரிசோதியுங்கள். போர் தண்ணீர் ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

வலிமை பார்க்க வார்த்து உடைக்கும் கியூப் எத்தனை? ஐஎஸ் 456 கணக்கு: 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு, அதன் பிறகு ஒவ்வொரு 50-க்கும் ஒன்று கூடுதல். ஒரு மாதிரி என்றால் 28-ஆம் நாளில் உடைக்க மூன்று கியூப். 7-ஆம் நாள் முடிவும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக. 150 மில்லிமீட்டர் அச்சு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. அச்சில் போடும் காங்கிரீட் தளத்தில் விழும் அதே காங்கிரீட்டாக இருக்க வேண்டும். கியூபுக்கென்று தனியாகச் சிமெண்ட் கூட்டிக் குழைப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட சைட்டில் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஏமாற்று கட்டிட வேலையில் இல்லை, ஏமாறுவதும் கட்டுகிறவர்தான்.

முட்டு பிரிப்பதில் அவசரம் வேண்டாம். 4.5 மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாள். இதுவும் சாதாரண சிமெண்டுக்கு. ஃபிளை ஆஷ் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்ஜினியரைக் கேட்டுக் கூட்டுங்கள். நனைப்பு பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாளே நல்லது.

மாற்றம்: எல்லாம் கெடும் இடம்

இங்கிலாந்துச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி இது. அனுமதி வாங்கிய வரைபடத்திலிருந்து பெரிய மாற்றம் என்றால் செய்வதற்கு முன் ஒழுங்குமுறை அமைப்பின் சம்மதம் வேண்டும். சின்ன மாற்றம் என்றால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்கும் கீழே உள்ள எல்லா மாற்றத்துக்கும் பதிவேடு வேண்டும். நம் ஊரில் மாற்றம் இப்படி வருவதில்லை. "அண்ணே, ஒரு சின்ன விஷயம்" என்றுதான் வரும்.

ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லாட்ஜின் மாடித் தளங்களுக்கு விட்ரிஃபைட் டைல்ஸ் என்று கணக்குப் போட்டிருக்கிறது. பாதியில் முதலாளி, செட்டிநாட்டு லாட்ஜில் ஆத்தங்குடிக் கல் இல்லாமலா என்கிறார். நியாயமான ஆசைதான். ஆனால் கல்லும் தடிமன், அடியில் கலவைப் படுகையும் தடிமன். படுகை 50 மில்லிமீட்டர் கூடினாலே சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ கூடுகிறது. வீட்டு அறைக்கு ஆட்களும் சாமான்களும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். அதில் பாதியை, ஆறு மாடிக்கும், யாரையும் கேட்காமல் நிரந்தரமாக ஏற்றி வைக்கிறோம். இன்ஜினியரிடம் முன்பே சொன்னால் படுகையைக் குறைக்க வழி சொல்வார், அல்லது கீழ்த்தளத்துக்கு மட்டும் போடச் சொல்வார்.

அடுத்தது மொட்டை மாடிப் பந்தி. மகால் கட்டி முடிக்கும் நேரத்தில், மேலே ஷீட் போட்டால் ஐந்நூறு பேர் சாப்பிடலாமே என்று யோசனை வரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கணக்கில் இருப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. நிலையான இருக்கை இல்லாத கூட்ட இடத்துக்குப் பாரங்களுக்கான தரநிலை ஐஎஸ் 875 கேட்பது 500 கிலோ. மூன்று மடங்குக்கும் மேல். அது போக, அந்த ஐந்நூறு பேருக்கும் இறங்கும் வழி எங்கே? அந்தப் படிகளும் அகலமும் கீழ்த்தளங்களின் ஆட்களை வைத்துக் கணக்கிட்டவை. ஷீட்டுக்கு அடியில் சமையல் சிலிண்டர் வேறு வந்தால் ஸ்ரீரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இது அனுமதி வாங்கிய வரைபடத்தையே மாற்றும் விஷயம், திருத்திய அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

மூன்றாவது, கதவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குக் கதவைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். அதை வரவேற்பறையில் மாட்டுங்கள், அழகுதான். தீ வழிப் படிக்கட்டின் வாயிலில் மாட்டாதீர்கள். அங்கே சான்று பெற்ற தீக்கதவு வேண்டும், தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், ஆட்கள் ஓடும் திசையில் திறக்க வேண்டும். கதவு சரியாக இருந்தும் ராத்திரிப் பாதுகாப்புக்கென்று அதன் வெளியே கிரில் கேட் போட்டுப் பூட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

நான்காவது யாரும் மாற்றம் என்றே நினைக்காதது. ஏசிக்காரர் வருவார், பைப் போக வழியில்லை என்று மெஷினால் பீமில் கோர் ஓட்டை போடுவார். கம்பி அறுந்த சத்தம் கேட்டாலும் நிறுத்த மாட்டார். அந்த ஓட்டைகள் எல்லாம் காங்கிரீட்டுக்கு முன்பே வரைபடத்தில் வந்து, ஸ்லீவ் எனும் குழாய்த் துண்டு வைத்து, சுற்றிலும் கூடுதல் கம்பி கொடுக்க வேண்டியவை. அதனால் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசிக்காரர் மூவரையும் தளக் கம்பி கட்டும் முன்பே ஒரு நாள் உட்கார வைத்துப் பேசுங்கள். பிறகு கோர் மெஷின் சாவியை இன்ஜினியர் வைத்துக்கொள்ளட்டும்.

மாற்றத்துக்கு ஒரு பக்கத் தாள் போதும். என்ன மாற்றம், ஏன், பாரத்தில் என்ன ஆகும், தீ வழியில் என்ன ஆகும், அனுமதி வரைபடம் மாறுமா, யார் சம்மதித்தார், என்றைக்கு. விற்ற வீடுகள் உள்ள திட்டத்தில் அனுமதி வரைபடத்தையே மாற்றுவதற்கு வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலச் சம்மதமும் ரெரா சட்டப்படி வேண்டும்.

தீக்கான வேலைகள்

பெரும்பாலும் கடைசியில் அவசரமாகச் செய்வதால் கெடுபவை இவை. மின் ஷாஃப்ட்டும் பைப் ஷாஃப்ட்டும் தரைமட்டத்திலிருந்து உச்சிவரை திறந்து கிடந்தால், கீழே பிடிக்கும் தீ புகைபோக்கி வழியே ஏறுவதுபோல் மேல் மாடிகளுக்கு ஏறும். ஒவ்வொரு தள மட்டத்திலும் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். கேபிள் இழுத்த பிறகு மீண்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை அடைத்ததை இன்டர்நெட் கேபிள் போடுபவர் வந்து குத்தித் திறந்துவிடுவார். இதையும் ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் படம் எடுங்கள்.

24 மீட்டரைத் தாண்டினால், தீயின்போது ஆட்கள் பத்திரமாகக் காத்திருக்க ஒதுங்குமிடம் வேண்டும், அதை ஸ்டோர் ரூம் ஆக்கக் கூடாது. எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வழிக்கு நடக்கும் தூரம் பெரும்பாலான உபயோகங்களுக்கு 30 மீட்டர்தான். சுவர் போட்டு அறை பிரித்ததும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது, கட்டிலையும் மேசையையும் சுற்றி ஆள் நடக்கும் பாதையில் அளக்க வேண்டும். பம்பை ஓட்டி உச்சி மாடித் தீயணைப்புக் குழாயில் (ஹைட்ரன்ட்) அழுத்தம் பார்த்து எழுதுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, டீசல் பம்ப் தானாக எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டும்போதே தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வெல்டிங் நடக்கும் இடத்தில் சென்ட்ரிங் பலகையும் தெர்மாகோலும் குவிந்திருக்கும். ஒரு படிக்கட்டாவது எப்போதும் காலியாக, வெளிச்சத்தோடு இருக்கட்டும்.

தவறு தெரிந்தால்

28 நாள் கியூப் குறைந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் அதற்கு மேலே பாரம் ஏற்றுவதை நிறுத்துங்கள். காங்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் சுத்தியல் ஒரு அறிகுறி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. சந்தேகமான இடத்தில் கோர், அதாவது உருளைத் துண்டு, வெட்டி எடுத்து உடைத்தால், கோர்களின் சராசரி அந்த வயதுக் கியூப் வலிமையில் 85 சதவீதமும் எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்கிறது ஐஎஸ் 456. அதற்கும் கீழே போனால் வலுவூட்டலா இடிப்பதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

தேன்கூடு வந்த, அதாவது காங்கிரீட் நிரம்பாமல் ஜல்லி தெரிந்து ஓட்டை விழுந்த தூணைச் சிமெண்ட் பால் பூசி மறைப்பதுதான் நம் பக்கத்தில் பழக்கம். சென்ட்ரிங் பிரித்ததும் இன்ஜினியர் பார்க்கும் முன் எந்தப் பூச்சும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தேன்கூட்டைச் சொல்லும் மேஸ்திரியைத் திட்டாதீர்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார், பூசிவிடுவார். இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான குறை தெரிந்தால் கட்டுபவரே ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயம். நம் சைட்டுக்கு அதன் சின்ன வடிவம்: வேலைக்காரர் யாரும் நேராக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குப் போன் செய்யலாம் என்று அவர் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது.

ஆவணம்

வாட்ஸ்அப் ஆவணம் ஆகாது. போன் தொலைந்தால் போச்சு. கட்டியதைக் காட்டும் இறுதி வரைபடங்கள், மாற்றத் தாள்கள், கியூப் முடிவுகள், கம்பி, சிமெண்ட், தீக்கதவுச் சான்றுகள், தளம் வாரியாகப் படங்கள். ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டர், அதன் நகல் இன்னொரு இடத்தில். கட்டிடம் விற்றாலும் கைமாறினாலும் ஃபோல்டரும் சேர்ந்து போக வேண்டும்.

திறப்பு விழாத் தேதி

கடைசி ஆபத்து முகூர்த்தம். தை முதல் முகூர்த்தத்துக்கு மகாலை புக் பண்ணி முன்பணமும் வாங்கியாச்சு என்று கார்த்திகையில் சொல்வார்கள். அப்போது தீயணைப்புத் துறை ஆய்வு முடிந்திருக்காது, லிஃப்ட் உரிமம் வந்திருக்காது, நிறைவுச் சான்று மேசையில் இருக்கும். நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடையாது என்பதால் தற்காலிக இணைப்பிலேயே விழா நடக்கும். அதிக லோடு, தற்காலிக ஒயர், முதல் நாள் கூட்டம். மூன்றும் சேர்கின்றன.

அதனால் திரும்பி எண்ணுங்கள். விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி, தாசில்தாரிடம் பொதுக் கட்டிட உரிமம், லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறை உரிமம், தீயணைப்புத் துறை ஆய்வு, நிறைவுச் சான்று, அதற்கு முன் நீங்களே செய்யும் முழு ஒத்திகை என்று வரிசையாகப் போடுங்கள். இங்கிலாந்தில் இறுதிச் சான்றுக்கு மட்டும் 8 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே அதற்குக் குறைவாகப் போட வேண்டாம். முன்பணம் வாங்கும் ரசீதில் "எல்லா அனுமதியும் கிடைத்த பிறகே" என்று ஒரு வரி சேருங்கள்.

ஒத்திகைக்கு ஒரு ராத்திரி போதும். மெயின் சுவிட்சை அணைத்து, அலாரம் அடித்து, வேலைக்காரர்களையும் ஊழியர்களையும் எல்லா மாடியிலிருந்தும் இறக்குங்கள். எந்தக் கதவு சிக்குகிறது, எந்தப் படியில் அவசர விளக்கு எரியவில்லை, எங்கே சாமான் கிடந்து தடுக்குகிறது என்று மாடிக்கு ஒருவர் நின்று எழுதட்டும். சரிசெய்துவிட்டு மறுபடி ஒருமுறை இறக்கிப் பாருங்கள், அந்தத் தாளையும் ஃபோல்டரில் போடுங்கள். உரிமங்களைப் புதுப்பிக்க வேண்டிய தேதிகளை மேனேஜர் அறைக் காலண்டரில் குறித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.